வீட்டு இதழுக்கு வாசகர் கடிதம்: உப்புக்காற்றுப் பக்கத்திலிருந்து எழுதுவது எப்படி?

ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்கா, வீட்டு அலங்கார இதழ் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை வெட்டி, நாலாக மடித்துப் பீரோவில் வைத்திருந்தாள். வெள்ளை வெளேரென்று ஒரு சமையலறை. மேடைக்குக் கீழே வரிசையாக அலமாரிகள், பளபளக்கும் கைப்பிடிகள், ஜன்னலுக்கு வெளியே கடல். "தம்பி, எனக்கு இதே மாதிரி வேணும்" என்றாள். நான் கட்டட மேற்பார்வை வேலை பார்ப்பவன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று இந்தக் கரையிலேயே இருபது வருடமாக வேலை. படத்தில் இருந்தபடியே செய்து கொடுத்தோம்.

இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பலகைகளின் அடிப்பக்கம் ஊறிய ரொட்டி போல ஊதிவிட்டது. கைப்பிடிகளில் புள்ளி புள்ளியாகத் துரு. ஒரு கதவைத் திறந்தபோது கீல் கையோடு வந்துவிட்டது. அக்கா என்னைக் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: "போட்டோ எடுத்தவங்க, ஒரு வருஷம் கழிச்சு அந்த வீட்டுக்கு மறுபடி போய்ப் பார்த்தாங்களா?"

நல்ல கேள்வி. கட்டடக் கலை இதழ்களுக்கும் உள் அலங்கார இதழ்களுக்கும் வாசகர்கள் எழுதும் கடிதம் எதற்கு என்பதற்கான விளக்கம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பொதுவாக ஒரு வீட்டை இதழுக்காகப் படம் பிடிப்பது, வேலை முடிந்து குடிபோவதற்கு முன்னால், அல்லது குடிபோன புதிதில். சுவரில் கை படாத நேரம் அது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பத்து மழைக்காலமும் பத்துக் கோடையும் கழியும்; அவை எதுவும் இதழின் பக்கத்துக்கு வருவதில்லை. வீட்டில் வாழ்ந்தவர் சொல்லும் செய்தி வடிவமைத்தவரிடமும் வெளியிட்டவரிடமும் திரும்பிப் போய்ச் சேர்வதைத்தான் பின்னூட்டம் என்கிறோம். கட்டடத் துறையில் இதற்கென்றே ஒரு முறை உண்டு: குடியேறிய பின் மதிப்பீடு. மக்கள் குடியிருக்கத் தொடங்கி ஓரிரண்டு வருடம் ஆனபின் திரும்பப் போய், வெப்பம் எப்படி, காற்று எப்படி, மின்சாரம் எவ்வளவு செலவாகிறது, எது உடைந்தது, எதைப் பிடித்திருக்கிறது என்று கேட்டும் அளந்தும் எழுதுவது.

பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் நிறுவனம் 1960-களில் வகுத்த வேலைத் திட்டத்தில், கடைசிக் கட்டத்தின் பெயரே 'பின்னூட்டம்' என்றுதான் இருந்தது. அந்தக் கட்டத்துக்குப் பணம் கொடுக்க ஆளில்லாததால் நடைமுறையில் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. அப்புறம் 1995 முதல் 2002 வரை இங்கிலாந்தில் 'புரோப்' என்ற ஆய்வு நடந்தது. கட்டடச் சேவைப் பொறியாளர்களின் இதழ் ஒன்று, தன் பக்கங்களில் முன்பு இடம்பெற்ற கட்டடங்களுக்கே ஆய்வாளர்கள் திரும்பிப் போக வழி செய்து, அவர்கள் கண்டதை வெளியிட்டது. வரைபடத்தில் கணக்கிட்டதைவிடப் பல கட்டடங்கள் அதிக மின்சாரம் தின்றன. ஜன்னலையும் விளக்கையும் தங்கள் கையால் இயக்க முடிந்த இடங்களில் மக்கள் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். தான் வெளியிட்ட கட்டடத்தைத் தானே மறுபடி சோதித்துக் காட்டிய இதழ் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

எல்லா இதழும் ஆய்வாளரை அனுப்ப முடியாது. ஆனால் எல்லா இதழுக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். அதில் கடற்கரையில் வாழும் வாசகர் ஒருவர், தன் வீட்டுக் கைப்பிடி எத்தனை மாதத்தில் துருப்பிடித்தது என்று எழுதினால், அதுவும் ஒரு சிறிய குடியேறிய பின் மதிப்பீடுதான்.

முதலில் பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

கடிதம் எழுத உட்காருவதற்கு முன் இதழின் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். நம் கண் முதலில் படத்துக்குத்தான் ஓடும். படம் அகலக் கோண லென்ஸில் எடுத்ததாக இருக்கலாம். பத்தடி அறை அதில் பதினைந்தடி போலத் தெரியும். படத்தின் ஓரத்தில் இருக்கும் நாற்காலி அல்லது பாத்திரம் இழுத்துவிட்டது போலக் கோணியிருந்தால் அந்த லென்ஸ்தான் என்று பிடித்துவிடலாம். அப்புறம், படத்தில் எது இல்லை என்று பாருங்கள். மின்விசிறி இருக்கிறதா? மே மாதத்தில் விசிறி இல்லாமல் ராமநாதபுரத்தில் ஒரு கூடத்தில் உட்கார முடியுமா? கொடிக்கயிறு எங்கே? குடிநீர்க் குடங்கள் எங்கே வைப்பார்கள்? கடற்கரையிலிருந்து மணலோடு வருகிற காலைக் கழுவ வாசலில் குழாய் உண்டா? எங்கள் ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னுகிறோம், முற்றத்தில் கருவாடு காய வைக்கிறோம். இதழில் வரும் திண்ணையில் பித்தளை உருளியில் பூ மிதக்கிறது. அழகுதான், ஆனால் அந்தத் திண்ணையின் அகலம் ஒரு ஆள் வலையை விரித்து உட்காரப் போதுமா என்று படம் சொல்லாது.

அதைச் சொல்வது தரைப்பட வரைபடம். வீட்டை இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே குறுக்காக வெட்டி, மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அதுதான் அந்த வரைபடம். தடித்த கோடு சுவர், சுவரில் விட்ட இடைவெளி கதவு, கால்வட்டக் கோடு கதவு திறக்கும் பக்கம். ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கும்: வடதிசை. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால், அந்தப் பக்கம் முழுவதிலும் மிகவும் உபயோகமான குறி அதுதான். அதைப் பார்த்தால்தான் அந்த வீட்டை நம் ஊர் வெயிலிலும் காற்றிலும் மனதுக்குள் வைத்துப் பார்க்க முடியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் புரட்டும் இதழ்களில் கேரள வீடுகள் நிறைய வருகின்றன. கேரளத்துக்குப் பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்கிலிருந்து. வருடத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். அதனால் தெற்கிலும் மேற்கிலும் கூரையை நன்றாக இறக்கி, சுவரை மழையிலிருந்து காப்பாற்றுகிறார்கள். நம் பக்கத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு மழைகூட வருவதில்லை. வருவதும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து. ஜூன், ஜூலையில் நமக்குக் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். மழை இருக்காது, மணலும் உப்பும் இருக்கும். அந்தக் கேரள வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து பாம்பனில் கட்டினால், சாரல் வராத பக்கம் சன்ஷேட் நீண்டிருக்கும், சாரல் அடிக்கிற வடகிழக்கு ஜன்னல் மொட்டையாக நிற்கும். வரைந்தவர் தன் ஊருக்குச் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் இது எந்த ஊர் மழைக்கு வரைந்தது என்று ஒரு வரி போட்டிருந்தால், வெட்டி பீரோவில் வைப்பவருக்குத் தெரிந்திருக்கும். வாசகர் கேட்டு வாங்க வேண்டிய வரி அது.

வரைபடம், படம் இரண்டும் போக, பொருட்களின் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். பல இதழ்களில் அது மிகச் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

கடல் கேட்கும் கேள்விகள்

இந்தக் கரையில் வீட்டைத் தின்பது கறையானைவிட உப்புதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், சிமெண்டின் காரத்தன்மை. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகிறது. உப்பில் இருக்கும் குளோரைடு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் ஊறி, கம்பியைத் தொட்டதும் அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே இடம் போதாமல் கான்கிரீட்டை வெடிக்க வைத்து வெளியே தள்ளும். சன்ஷேட்டின் அடியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை நம் ஊரில் பார்க்காதவர் இருக்க முடியாது.

இதற்கு முதல் மருந்து கவர். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் இருக்கும் கான்கிரீட்டின் கனம்தான் கவர். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண உலர்ந்த சூழலில் 20 மில்லிமீட்டர் போதும் என்கிறது. கடற்கரைச் சூழலுக்கு நேராக வெளிப்படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர், எம் 30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத கலவை. கடல்நீர் தெறிக்கும் இடமென்றால் 50 மில்லிமீட்டர், எம் 35. கலவைத் தண்ணீருக்கும் கணக்கு உண்டு: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. இந்தப் பக்கத்தில் எத்தனை கிணற்றுத் தண்ணீர் அதில் தேறும் என்பதை நாக்கில் வைத்தாலே ஊகித்துவிடலாம். அதனால்தான் வேலைக்குத் தண்ணீர் லாரியில் வாங்குகிறோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் பாம்பன் ரயில் பாலத்தைத்தான் காட்டுவேன். 1914-இல் திறந்த பழைய பாலம் நூறு வருடத்துக்கு மேல் நின்றது, ஓயாத பராமரிப்போடு. துரு முற்றியதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற காப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலம் கட்டுகிறவர்கள் இத்தனை யோசித்த அதே காற்றில்தான் நாம் இதழில் பார்த்த கறுப்பு இரும்பு மாடிப்படியை வைக்கப் பார்க்கிறோம்.

பழைய பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்கள் பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. கம்பி இல்லாத சுவர், துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. அதைப் பார்த்துவிட்டு "பவளக் கல் சுவர் மாதிரி ஒரு மூலை வேண்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பது குற்றம். எந்த இதழாவது புது வீட்டில் அப்படி ஒரு சுவரைப் புகழ்ந்திருந்தால், அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒரு கடிதம் கட்டாயம் போக வேண்டும். மன்னார் வளைகுடாவின் பாறைகள் இல்லையென்றால் மீனும் இல்லை, அலைக்குத் தடுப்பும் இல்லை.

கடிதம்

வாசகர் கடிதங்கள் பல வகை. "அட்டைப்படம் அருமை" என்பது ஒரு வகை; ஆசிரியர் குழுவுக்கு மகிழ்ச்சி தரும், அவ்வளவுதான். "உங்கள் இதழில் பணக்கார வீடுகள் மட்டுமே வருகின்றன" என்பது இன்னொரு வகை. அது நியாயமான குறைதான், ஆனால் அப்படி மொட்டையாக எழுதினால் ஆசிரியரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அதையே "ஆறு இதழ்களில் வந்த வீடுகளை எண்ணினேன், ஆயிரம் சதுர அடிக்குக் குறைவாக ஒன்றுகூட இல்லை" என்று எழுதினால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்தது சாட்சிக் கடிதம். நான் செய்து பார்த்தேன், இந்த இடத்தில், இத்தனை நாளில், இப்படி ஆனது என்று சொல்லும் கடிதம். அதில் ஆறு விவரம் இருந்தால் போதும்: எந்த இதழ், எந்தப் பக்கம், உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசையைப் பார்த்தது, என்ன பொருள், எத்தனை மாதம். தூரத்தை அளந்து எழுதுங்கள். "கடலுக்குப் பக்கத்தில்" என்று எழுதினால், மும்பையில் உட்கார்ந்து படிக்கிற ஆசிரியருக்கு அது ஐம்பது மீட்டரா ஐந்து கிலோமீட்டரா என்று தெரியாது. திசை இங்கே ரொம்ப முக்கியம். கச்சான் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் நேர்மாறு. அதனால் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் வேறு வேறு மாதங்களில் உப்பு வாங்கும். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இடம் கருதி எப்படியும் சுருக்குவார்கள், எனவே மிக முக்கியமானதை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். வீட்டுக்காரரையோ வடிவமைத்தவரையோ திட்டாதீர்கள். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒருவரின் வீடு.

இதழுக்கு நான் எழுதிய கடிதம் ஒன்றைத் தருகிறேன். அக்கா வீட்டுச் சமையலறைக்குப் பிறகு எழுதியது, ஆனால் வேறொரு வீட்டைப் பற்றி.

"ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சென்ற இதழில் வந்த கடற்கரை வீட்டின் மாடிக் கைப்பிடி மிக அழகாக இருந்தது. அது எந்த ரக எஃகு என்ற குறிப்பு இல்லை. பாம்பனில், தென்கடலிலிருந்து 300 மீட்டரில் நாங்கள் கட்டிய வீட்டில் 304 ரகக் குழாய் போட்டோம். தென்மேற்குப் பார்த்த கைப்பிடி 14 மாதத்தில் பழுப்பேறிவிட்டது. அதே குழாய், வடகிழக்குப் பக்கம் மூன்று வருடமாகியும் ஏறக்குறைய புதிதாகவே இருக்கிறது. கச்சான் காற்றுதான் காரணம் என்று நினைக்கிறேன். படங்கள் இணைத்துள்ளேன். நீங்கள் வெளியிட்ட வீட்டில் என்ன ரகம், படம் எடுத்தபோது கைப்பிடி போட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று தெரிவித்தால், இங்கே வீடு கட்டுகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்."

304 என்பது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகு. 316 என்ற ரகத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் இரண்டு முதல் மூன்று சதவீதம் சேர்கிறது. குளோரைடை அது நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். 'எஸ்.எஸ். பைப்' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் வருவது பெரும்பாலும் 304, சில சமயம் அதைவிடக் குறைந்தது.

கடிதம் சுருங்கி ஏழெட்டு வரியில் அச்சானது. இரண்டு இதழ் கழித்து, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் அதற்குப் பதில் எழுதியிருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: பழுப்பேறிய கைப்பிடிக்கு மேலே சன்ஷேட் இருக்கிறதா? மழை படுகிற இடத்தில் உப்பை மழையே கழுவிவிடும், மழை படாத இடத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். தென்மேற்குக் கைப்பிடிக்கு மேலே இரண்டரை அடி நீளத்துக்கு சன்ஷேட். நானே வைக்கச் சொன்னது, கேரள வீட்டுப் படம் ஒன்றைப் பார்த்து. வடகிழக்குப் பக்கம் திறந்த வெளி. வாடை மழை அதை வருடா வருடம் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறது. காற்றுதான் காரணம் என்று நான் எழுதியது பாதிதான் சரி. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னதும், "காவிரித் தண்ணி நாள் விட்டு நாள் வருது, அதுல கம்பியைக் குளிப்பாட்டவா?" என்று கேட்டார். ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஒரு வாளித் தண்ணீர்கூட வேண்டாம் என்று அவர் முன்னாலேயே துடைத்துக் காட்டினேன். துணி காவியாகிவிட்டது, குழாய் முக்கால்வாசி வெளுத்தது.

அக்கா வீட்டிலும் பலகைகளை எடுத்துவிட்டு, மேடைக்குக் கீழே செங்கல் தடுப்பும் கடப்பாக்கல் தட்டும் வைத்துவிட்டோம். கதவுக்குப் பதில் திரைச்சீலை. இரண்டு வீட்டிலும் என்றைக்கு என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். அடுத்த வாடை முடிந்ததும் அந்த நாகப்பட்டினம் வாசகருக்கு, இதழின் வழியாகவே, பதில் எழுத வேண்டும்.